லா ஷப்பேலில் ஒரு முப்பத்தோராம் நாள் பூசை

பாரிசுக்குப் போய்வந்தவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வியை என்னிடமும் கேட்கிறார்கள்: கோபுரத்தில் ஏறினீர்களா? ஏறவில்லை. ஏற நேரம் இருந்தது, காசும் இருந்தது, மனசு இல்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம், பதினெட்டு நாள் அந்த ஊரில் இருந்தேன். அதில் பதினேழு நாளைப் பற்றி என்னிடம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மிச்சம் ஒரு சனிக்கிழமை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. போகாதவர்களுக்காக அதை எழுதுகிறேன், போகப்போகிறவர்களுக்கும் உதவும்.

நான் திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியை. அப்போது இருபத்தேழு வருடமாக வாரநாளில் ஆங்கிலம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். என் தங்கை பிலோமினா பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் லூர்துசாமி பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், தபால் இலாகாவில் உத்தியோகம், பாரிசுக்கு வெளியே பொண்டியில் சொந்த வீடு. விமான டிக்கெட் அவர் எடுத்துக்கொடுத்தது. ஆகவே அவரை எக்காரணம் கொண்டும் திட்டக்கூடாது என்ற தீர்மானத்தோடுதான் விமானம் ஏறினேன். அந்தத் தீர்மானம் இந்தச் சனிக்கிழமை வரை நின்றது.

சனிக்கிழமை, பிற்பகல் ஒன்றேமுக்கால். பொண்டி ரயில் நிலையத்தில் நானும் லூர்துசாமியும் நின்றோம். பிலோமினாவுக்கு முட்டுவலி, வரவில்லை. அங்கிருந்து பாரிசின் கார் து லெஸ்த் நிலையத்துக்குப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும், கால் மணி நேரப் பயணம், டிக்கெட் எட்டு ஃபிராங்க். ஒரு ஃபிராங்க் அப்போது நம் காசில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ரூபாய். மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் போனது ஒரு பூசைக்கு. பூசை என்று நினைத்துத்தான் போனோம்.

மரியதாஸ் என்று ஒருவன், யாழ்ப்பாணத்தான், இருபத்தெட்டு வயது. ரூ லூயி-பிளாங் தெருவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தான். பிரெஞ்சில் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்ல லூர்துசாமியைத் தேடி பொண்டிக்கு வருவான். முந்திய புதன்கிழமை அப்படி வந்தபோது என்னைப் பார்த்தான். என் உத்தியோகம் தெரிந்த அடுத்த நிமிடம் நான் அவனுக்கு "ரீச்சர்" ஆகிவிட்டேன்.

"அம்மா மோசம் போயிட்டா ரீச்சர்," என்றான். "பாஷையூரிலை. ஐயா இப்ப அங்கை தனிய. தந்தி இஞ்சை வந்து சேர முந்தியே அடக்கம் முடிஞ்சுது. நான் போகேலாது. போனா இஞ்சை திரும்பி வரேலாது. ஒரு பிடி மண் போடேல்லை. முப்பத்தொண்டையாவது ஒழுங்காச் செய்யவேணும். அதையும் செய்யாட்டி நான் என்ன பிள்ளை?"

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் பூசை ஒப்புக்கொடுத்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது யாழ்ப்பாணக் கத்தோலிக்கரிடம் தவறாத வழக்கம். எந்தக் கோயில், எந்தச் சாமி என்று கேட்டேன்.

"லா ஷப்பேல் பக்கம் ஒரு கோயில் ரீச்சர். ஐயர்லாந்திலையிருந்து பாடகர் குழு ஒண்டு வந்து பூசை பாடுகினம். சனிக்கிழமை நாலு மணி. கோயில் கதவிலை 'மெஸ்' எண்டு பெரிசா ஒட்டியிருக்கு. நான் நாளை எண்ணிப் பாத்தன், அச்சொட்டா முப்பத்தொண்டு! கோயில் காரியாலயத்திலை இருக்கிற மனிசியிட்டையும் போய், அம்மா செத்திட்டா, சனிக்கிழமை மெஸ் எண்டு எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சிலை சொன்னனான். அவ சிரிச்சுக்கொண்டு 'வுய், வுய், சம்தி', ஓம் ஓம் சனிக்கிழமை எண்டவ. லூர்துசாமி அண்ணையிட்டையும் ரெலிபோனிலை கேட்டனான், மெஸ் எண்டாப் பூசைதானே எண்டு. ஓமாம்."

லூர்துசாமி பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே "ஆமாம்பா, மெஸ்னா பூசதான்," என்றார். எங்கள் ஊரில் மெஸ் என்றால் இலை போட்டுச் சாம்பார் ஊற்றுகிற இடம். பிரெஞ்சில் அது பூசை என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஐயர்லாந்து என்றதும் எனக்கும் ஒரே பூரிப்பு. எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஐரிஷ் கன்னியாஸ்திரி. உச்சரிப்புப் பிசகினால் ஸ்கேலால் விரல் கணுவில் ஒரு போடு போடுவார். பழைய லத்தீன் பூசைப் பாட்டையும் அவரே சொல்லிக்கொடுத்தார். கட்டாயம் வருகிறேன் என்று மரியதாசிடம் சொன்னேன். நானும் மேற்கொண்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மற்றவர்களைத் திட்டுவதற்கு முன் அதை இங்கேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

மணி இரண்டரை. கார் து லெஸ்தில் இறங்கி வடக்கே நடந்தோம். ரூ லூயி-பிளாங்கில் அப்போது தமிழ்க் கடைகள் ஐந்தாறு இருந்தால் அதிகம். ஒரு கடையில் முருங்கைக்காய் ஒன்று ஆறு ஃபிராங்க் என்று எழுதியிருந்தது. ஒரு முருங்கைக்காய்க்குப் பத்து ரூபாய்! அதற்குப் பக்கத்திலேயே விமான டிக்கெட் விற்கும் கடை, சுவரில் கொழும்புப் படம். நாலு பேர் வாசலில் நின்று அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்ச் சண்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். லா ஷப்பேல் சந்தியில் மெட்ரோ ரயில் பூமிக்கு அடியில் போகாமல் இரும்புப் பாலத்தின் மேலே போகிறது. பாலத்துக்குக் கீழே நின்று பேசினால் ஒரு வார்த்தை கேட்காது. லூர்துசாமி அங்கே நின்றுதான் எனக்கு அந்த ஊர்ச் சரித்திரம் சொன்னார்.

மணி மூன்றே முக்கால். கோயிலின் பெயரை எழுதமாட்டேன். வாசலில் மரியதாஸ் நின்றான். யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு, தோள் இரண்டும் தொங்கியது. கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட அம்மா படம், அடியில் சூசைப்பிள்ளை திரேசம்மா என்று பெயர். அவனைச் சுற்றி இருபத்து மூன்று பேர், வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சேலையுமாக. ஓல்னே-சூ-புவாவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு குடும்பமே வந்திருந்தது. மரியதாசுக்கு வேலை செய்யும் இடத்தில் அன்றைக்கு அரை நாள் விடுப்பு, ஆறு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவு. விடியற்காலை எழுந்து சோறும் இறைச்சிக்கறியும் சமைத்துப் பொதி கட்டி வைத்திருந்தான்.

"வாங்கோ ரீச்சர். உள்ளுக்கை போங்கோ, இடம் பிடிக்கோணும்," என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனான்.

நான் கதவில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்தேன். "மெஸ்" என்று முழங்கை நீளத்துக்கு எழுத்து. சரிதான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நாலைந்து வரி. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் அதில் ஒரு வார்த்தை ஆங்கிலத்திலும் அதே மாதிரிதான் இருக்கும்.

"தம்பி, அந்தச் சின்ன எழுத்தை வாசிங்க," என்றேன்.

லூர்துசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டி வாசித்தார்.

"நாலு குரலுக்கான பூசை... பதினாறாம் நூற்றாண்டு... பிற்பகுதியில தற்கால பக்தி இசை... அக்கா, இது கொன்சேர்."

"அப்படின்னா?"

"கச்சேரி. பூச இல்ல. பூசைக்கு எழுதின பாட்ட மட்டும் பாடுவாங்க. சாமியார் கெடையாது."

எனக்கு வந்ததே கோபம்! "மெஸ்னா பூசைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வார்த்தைக்கு அர்த்தம் அதான் அக்கா! அவன் வார்த்தைக்குத்தான் அர்த்தம் கேட்டான்."

"வார்த்தைக்கு அர்த்தம் சொன்னீங்களே, எதுக்குக் கேக்குறான்னு திருப்பி ஒரு வார்த்தை கேட்டீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அந்தக் காரியாலயத்துப் பெண்மணியை நினைத்தேன். ஒருத்தன் தாய் செத்துவிட்டாள் என்று சொல்கிறான், சிரித்துக்கொண்டே வுய் வுய் என்றிருக்கிறாள். புரியவில்லை என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? சரி, மரியதாசிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் சொல்லுங்கள் அக்கா, ஆசிரியை சொன்னால் மரியாதையாக இருக்கும் என்றார். இப்படி நீ நான் என்று நின்றுகொண்டிருந்தபோதே மணி நாலடித்தது.

மணி நான்கு. உள்ளே அடுத்த அக்கிரமம். நம் ஆட்கள் நேரத்தோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டையில் நீல நாடா குத்திய ஒரு மனிதர் வந்து "ரெஸெர்வே, ரெஸெர்வே" என்று கையை ஆட்டி எழுப்பினார். முன்வரிசை பெரிய மனிதர்களுக்காம். இறந்தவரின் படத்தோடு நிற்கிற மகனைப் பார்த்து ஒரு மனிதர் கையை ஆட்டுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஈ ஓட்டுகிற மாதிரி. எல்லோரும் எழுந்து பக்கவாட்டில் ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் அந்தப் பெரிய மனிதர்களில் பாதிப்பேர் வரவே இல்லை. முன்வரிசை முக்கால்வாசி காலியாகவே கிடந்தது.

நான் மரியதாசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "தம்பி, இங்க பாருப்பா" என்று வாயெடுத்தேன். அதற்குள் பாடகர்கள் வந்துவிட்டார்கள். இருபது இருபத்தைந்து பேர், பெண்கள் கரும்பச்சைப் பாவாடையில், ஆண்கள் கறுப்பில். தூண் அவர்களில் முக்கால்வாசிப் பேரை மறைத்தது. நன்றாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்: குழுவை நடத்துகிறவர். நெட்டையான மனிதர், நீளக் கறுப்புக் கோட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்து நின்றார். இரண்டு கையையும் மெல்ல உயர்த்தினார்.

"சுவாமி எங்கை அண்ணை?" என்று மரியதாஸ் அடுத்த நாற்காலியைக் கேட்டான். அங்கே இருந்தவர் செபஸ்தியாம்பிள்ளை. அறுபதைத் தாண்டியவர், மகனிடம் வந்து தங்கியிருப்பவர்.

"உங்கை நிக்கிறாரெல்லே, முதுகைக் காட்டிக்கொண்டு! இது பழைய முறைப் பூசையடா. அந்தக் காலத்திலை சுவாமிமார் சனத்தைப் பாக்கமாட்டினம், பீடத்தைப் பாத்துத்தான் பூசை வைப்பினம். எல்லாம் லத்தீன்தான். எனக்குத் தெரியாதே? சின்னனிலை பூசைக்கு உதவி செய்தவனெல்லோ நான்!"

அவர் சொன்னதில் சரித்திரம் சரி. அதற்கு இருபது வருடத்துக்கு முன்புவரை திருச்சியிலும் அப்படித்தான். சாமியின் முகமே தெரியாது. முதுகும், உயரும் கையும், லத்தீனும்தான் பூசை. "கீரியே எலேய்சோன்" என்று பெண்குரல் ஒன்று தொடங்கியதும் செபஸ்தியாம்பிள்ளை வெற்றியோடு எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். ஆண்டவரே இரக்கமாயிரும் என்று அர்த்தம். வரிசை முழுக்க நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டது. மரியதாஸ் அம்மாவின் படத்தை மடியில் நிமிர்த்தி, பீடத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டான். நான் எடுத்த வாயை மூடினேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், பாட்டு அபாரம். வாத்தியம் ஒன்று கிடையாது, வெறும் குரல். ஒரு குரல் தொடங்கிய சொல்லை இன்னொரு குரல் பின்னால் வந்து எடுத்துக்கொள்ளும், அதற்குள் மூன்றாவது குரல் கீழேயிருந்து ஏறும். நாலும் சேர்ந்து கல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நிமிடம் படபடவென்று கைதட்டினார்கள்! இரக்கமாயிரும் என்று கேட்டதற்குக் கைதட்டல்! கோயிலுக்குள்ளே கால்மேல் கால் போட்டுக்கொண்டு! நம் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பாரிஸ் வழக்கமாக்கும்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

விசுவாசப் பிரமாணம் தொடங்கியது. இருபத்து மூன்று பேரும் எழுந்து நின்றார்கள், மரியாதையாக, கைகூப்பி. பின்னாலிருந்து ஒரு பெண் "அஸ்ஸீ! அஸ்ஸீ!" என்று சீறினாள். உட்கார் என்று அர்த்தம், எங்களால் அவளுக்கு மறைக்கிறதாம். பின்பெஞ்சைப் பார்க்கிற பார்வை ஒன்று என்னிடம் உண்டு. அதைத் திரும்பி அவள்மேல் போட்டேன். நானும் எழுந்து நின்றேன். கச்சேரி என்று தெரிந்தும்தான் நின்றேன்.

"பரிசுத்தர், பரிசுத்தர்" பாட்டுக்கு எல்லோரும் முழந்தாளிட்டார்கள். பாட்டு முடிந்து ஒரு சின்ன நிசப்தம். நடத்துகிறவர் சட்டைப்பையிலிருந்து பளபளவென்று எதையோ எடுத்தார். சுருதி பார்க்கிற இரும்புக் கவை. அதை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிக் காதுப்பக்கம் உயர்த்தினார்.

"எழுந்தேற்றம்!" என்று கிசுகிசுத்தார் செபஸ்தியாம்பிள்ளை.

பூசையின் உச்சம் அது. அப்பத்தைச் சாமி உயர்த்திப் பிடிக்கிற நேரம். இருபத்து மூன்று தலையும் ஒன்றாகக் குனிந்தன. மரியதாஸ் அம்மாவின் படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். அவன் உதடு அசைந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு சுருதிக் கவைக்கு முன்னால் நானும் தலையைக் குனிந்தேன்.

மணி நாலே முக்கால். பாட்டு முடிந்தது. ஒரே கைதட்டல், பிராவோ என்று கூச்சல், பிறகு எல்லோரும் எழுந்து சோம்பல் முறித்தார்கள். இடைவேளை. முன்னால் பக்கப் பீடத்தண்டை வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை. அதற்குப் பின்னால் பச்சைப் பாவாடைக்காரி ஒருத்தி வந்து நின்றாள். மேசைக்கு முன்னே ஆட்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள்.

நான் லூர்துசாமியைத் தேடித் திரும்பிய நேரம் மரியதாஸ் எழுந்து அந்த வரிசையில் போய் நின்றுவிட்டான். கைகூப்பி, தலை குனிந்து. நற்கருணை வாங்க! நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கும் சேலைக்கும் அது ஓட்டம்தான். அவன் முறை வந்துவிட்டது. இடக்கைமேல் வலக்கையை வைத்து, இல்லை, வலக்கைமேல் இடக்கையை வைத்து, முறைப்படி, உள்ளங்கையை நீட்டினான். அந்தப் பெண் சிரித்த முகமாக அதில் ஓர் ஒலிநாடாவை வைத்தாள்.

"ஆமென்," என்றான் மரியதாஸ்.

"அறுபது ஃபிராங்க்," என்றாள் அவள்.

அவன் கையைப் பார்த்தான். பிளாஸ்டிக் பெட்டி, அதன்மேல் அந்த நெட்டை மனிதரின் படம், அருகில் அவர் மனைவி என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தான்.

"இது... பூசை இல்லையோ ரீச்சர்?"

நான் ஒலிநாடாவை வாங்கி மேசையில் வைத்தேன். அந்தப் பெண்ணைத் திட்ட முடியாது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபத்தைப் போல் உடம்புக்குக் கெடுதல் வேறில்லை. "இரு," என்று சொல்லிவிட்டு, பாடகர்கள் போன கதவைத் தள்ளிக்கொண்டு சாமியார்கள் உடைமாற்றும் அறைக்குள் நேரே போனேன். நீல நாடாக்காரர் தடுத்தார். தடுக்கட்டும்.

நெட்டை மனிதர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என் ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன். "ஐயா, வெளியே இருபத்து மூன்று பேர் உங்களைப் பாதிரியார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

அவர் சிரித்துவிட்டார். "என்னையா? என் மனைவி கேட்கவேண்டுமே."

"சிரிக்காதீர்கள்!" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாஷையூர், தந்தி, முப்பத்தொன்று, மெஸ், உள்ளங்கையில் ஒலிநாடா. உங்கள் குழுவில் சாமியார் யாராவது உண்டா என்று கேட்டேன். இரண்டு பல் வைத்தியர் உண்டு, சாமியார் இல்லை என்றார், இந்த முறை சிரிக்காமல். இந்தக் கோயில் சாமியார் எங்கே என்று நீல நாடாக்காரரைக் கேட்டால் வெளியூரில் ஒரு கல்யாணம் என்றார், நாளைக் காலை பத்தரைக்கு வாருங்கள் என்றார். நாளை முப்பத்திரண்டு. அதோடு நாளைப் பத்தரைக்கு மரியதாஸ் பாத்திரத்துக்கு முன்னால் நிற்பான்.

"பூசையைப் பாடுகிறீர்கள், பூசை எங்கே?" என்றேன் நெட்டை மனிதரிடம். "இரக்கமாயிரும் என்று கேட்டுவிட்டுக் கைதட்டல் வாங்குகிறீர்கள். இது அடுக்குமா?"

"எங்கள் ஊர்க் கோயிலில் இப்போது இதைப் பூசையில் பாட விடுவதில்லை, அம்மா. கிட்டார் வந்துவிட்டது. அதனால்தான் இதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறோம்," என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "உங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது யார்? எங்கள் கார்க் ஊர்க்காரி மாதிரி அல்லவா பேசுகிறீர்கள்?" என்றார். அதற்கெல்லாம் இது நேரமில்லை என்றேன்.

"அந்த அம்மாளின் பெயர் என்ன?"

"சூசைப்பிள்ளை திரேசம்மா."

அவர் இசைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். "இரண்டு பெயர் இருக்கிறதே. இதில் அவர் எது?"

முதலாவது கணவர் பெயர், அவர் ஊரில் உயிரோடு இருக்கிறார், இரண்டாவதுதான் அந்த அம்மாள் என்று விளக்கினேன். அவர் முதல் பெயரை அடித்தார். "திரே-சம்-மா. சரியா?" என்றார். "சம்மா" இழுக்கக்கூடாது என்றேன். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை சரியாக வந்தது.

மணி ஐந்து பத்து. இரண்டாம் பகுதி. இது தற்காலப் பாட்டுகளாம், எழுதியவர்கள் பலர் உயிரோடு இருக்கிறவர்களாம். நெட்டை மனிதர் வந்ததும் கையை உயர்த்தவில்லை. முதல் தடவையாகச் சபையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"இப்ப புது முறைக்கு மாறிட்டார்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "சனத்தைப் பாத்து நிக்கிறார் பாருங்கோ."

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லும் வேலை நீல நாடாக்காரருக்கு வாய்த்தது. எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி. இறந்து முப்பத்தொரு நாளான ஒரு தாய்க்காக இதைப் பாடுகிறோம், அவருடைய மகன் இங்கே இருக்கிறார், தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். "திரேசம்மா," என்றார் கடைசியில், மேலே பார்த்து, இழுக்காமல். நாடாக்காரர் அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லவில்லை, தேவைப்படவும் இல்லை.

மரியதாசின் தலை சடக்கென்று நிமிர்ந்தது.

பாட்டு ஐரிஷ் மொழியில். ஒரு சொல்லும் புரியவில்லை. ராகமும் பழையது போல இனிப்பாக இல்லை; குரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போயின, எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. ஏழு நிமிடம் இருக்கும். முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. எங்கோ ஒருவர் இருமினார். லா ஷப்பேல் பாலத்தில் மெட்ரோ போகும் சத்தம்கூட உள்ளே கேட்டது. மரியதாஸ் படத்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான், சத்தமாகவே அழுதான், அந்த "அஸ்ஸீ" பெண் உட்பட யாரும் வாயைத் திறக்கவில்லை.

மணி ஐந்தரை. இன்னும் பாட்டு இருந்தது, ஆனால் அவனுக்கு நேரமில்லை. எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். நடைபாதையிலேயே சாப்பாட்டுப் பொதிகளைக் கொடுத்தான். செபஸ்தியாம்பிள்ளை ஒரு பொதியை வாங்கிக்கொண்டு, "திறமான பூசை. பேரும் சொல்லி ஒப்புக்கொடுத்தவர். கொம்மா குடுத்துவைச்சவ," என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மரியதாஸ் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினான்.

"ரீச்சர், உங்களுக்குத்தான் தெரியும். பேர் சொன்னவரெல்லோ. இது செல்லுமோ?"

லூர்துசாமி வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

பூசை என்றால் என்ன? குருவானவர் வேண்டும், அப்பமும் திராட்சை இரசமும் வேண்டும், எழுந்தேற்றம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பூசை இல்லை. இருபத்தேழு வருடம் இதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். தப்பாகச் சொன்னவர்களைப் பெஞ்சின்மேல் ஏற்றியிருக்கிறேன்.

"செல்லும்," என்றேன்.

"ஐயாவுக்கு எழுதலாமோ?"

"எழுது. நல்லபடியா நடந்துச்சுன்னு எழுது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தை ஒரு துணியில் சுற்றி, ரூ லூயி-பிளாங் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனான். ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. ரயிலில் பொண்டி வரும்வரை லூர்துசாமியோடு நான் பேசவில்லை. அடுத்த வாரம் விமான நிலையத்தில்தான் "வர்றேன் தம்பி" என்றேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேல் உள்ளது என்று அதற்குள் தெரிந்திருந்தது. அந்த ஊரைவிட்டுப் புறப்படும்போது எல்லோரும் வருத்தப்படுவார்களாமே. நான் விட்டதடா சாமி என்றுதான் புறப்பட்டேன். நம் ஊரில் இப்படியெல்லாம் நடக்காது, பூசை என்றால் பூசை, கச்சேரி என்றால் கச்சேரி என்று விமானத்தில் பக்கத்து இருக்கை அம்மாளிடம் பெரிதாகப் பேசிக்கொண்டும் வந்தேன்.

வந்த முதல் வேலையாக எங்கள் பங்குக் கோயிலில் பூசைக்கு எழுதிக்கொடுத்தேன். என் பொய்யை நானே நேராக்கியாக வேண்டும். சீட்டில் தெளிவாக எழுதினேன்: சூசைப்பிள்ளை திரேசம்மா, ஆன்ம இளைப்பாற்றிக்காக. வாங்கிக்கொண்டவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, காலை ஆறு மணி. அசல் சாமி, அசல் பீடம், சபையைப் பார்த்து நின்றார், தமிழில் பூசை. நான் மூன்றாம் வரிசை. கைதட்ட ஆளில்லை, மறைக்கத் தூணில்லை. அன்றைக்குப் பதினாலு பெயர். சாமி சீட்டை எடுத்துப் பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவுகிற வேகத்தில் வாசித்தார்: "...அந்தோணிசாமி, ஞானப்பிரகாசி, சூசைப்பிள்ளை, திரேசம்மா, ஆரோக்கியம், இவர்களுடைய ஆன்மாக்கள் இளைப்பாற..."

நான் எழுந்து நின்றேன்.

"சாமி, சூசைப்பிள்ளை உயிரோட இருக்கார்!"

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாமி சீட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"திரேசம்மா மட்டும்தான் சாமி," என்றேன். "திரும்ப வாசிங்க."